வலது கண்ணுக்கு மனப்பாடம்

என் வீட்டுக்காரருக்கு முதல்முறை கண் வலித்தபோது ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. எண்பதுகளின் கடைசி அது. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீட்டில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதனால் அவர் காலையில் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்ததும் நான் யோசிக்கவே இல்லை. துண்டைத் தனியாகப் போட்டேன், தலையணையைத் தனியாகப் போட்டேன், "கிட்ட வராத மாமா, எனக்கும் ஒட்ட வெச்சிட்டுப் போயிடாத" என்று விரட்டினேன். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் சங்கில் பால் வாங்கிவந்து சொட்டு விட்டேன். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். எல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர. அந்தக் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. சிவக்காத, பீளை கட்டாத மெட்ராஸ் ஐ உலகத்தில் எங்கேயாவது உண்டா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"கண்ண இப்டி அப்டி திருப்பினா உள்ள புட்ச்சி இழுக்கறா மாதிரி வலிக்குதுமே" என்றார். "மெட்ராஸ் ஐன்னா அப்டித்தான்" என்று நான்தான் வைத்தியம் படித்தவள் மாதிரி சொன்னேன்.

அவருக்கு நாள் முழுக்கக் கண்ணைத் திருப்புகிற வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டினார். தரையில் நிற்கிற கிரேன் இல்லை. கூரைக்குக் கீழே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். ஏணியில் ஏறிப்போய் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே இருக்கிற, மணல் அடைத்த வார்ப்பு அச்சுப் பெட்டிகளைக் கொக்கியில் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு எருமைக் கனம் இருக்கும். மணல் தூசியிலும் புகையிலும் மேலே இருப்பவருக்குக் கீழே எதுவும் தெளிவாகத் தெரியாது. அதனால் கீழே ஒருத்தர் நின்று கையால் காட்டுவார். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. அந்தக் கை புகையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மணிக்கட்டிலிருந்து விரல் வரை சிவப்புத் துணி சுற்றிக்கொள்வார்கள். அது அந்தக் கம்பெனி வழக்கம்.

இவருக்குக் கை காட்டியவர் இவருடைய சிநேகிதர். இவரை மச்சான் என்பார், என்னைத் தங்கச்சி என்பார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றவர்கள். அவர் கையில் சுற்றிய துணி என் பழைய சிவப்புப் புடவையில் கிழித்தது. கிழிந்து கிழிந்து அந்தப் புடவை முழுவதும் அவர் கைக்கே போயிற்று.

மெட்ராஸ் ஐ ஐந்தாம் நாள் போகவில்லை. எட்டாம் நாளும் போகவில்லை. ஒன்பதாம் நாள் காலை குளித்துவிட்டு நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்கிறேன், துண்டால் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னையே உற்றுப் பார்க்கிறார்.

"இன்னாமே, சாம்பல எதுக்குப் பொட்டா வெச்சிகினுகீற?"

நான் கேலி என்று நினைத்தேன். காலங்காத்தாலே வம்புக்கு இழுக்கிறார் என்று எனக்கு வந்ததே கோபம்! "கண்ணு அவிஞ்சி பூட்சா? குங்குமம்யா இது" என்றேன். சொன்னேன், என் வாயால்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கையால் வலது கண்ணைப் பொத்தினார். "இப்ப செவப்பா கீது" என்றார். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார். "இப்ப மண்ணு." பிறகு மெதுவாக, "நடுவுல ஒண்ணுமே தெர்ல. ஒன் மூஞ்சி இருக்க வேண்டிய எட்த்துல பொக. காது தெரியுது, மூஞ்சி தெர்ல" என்றார்.

அன்றைக்கே ரயிலேறி, பட்டணத்துப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயசு லேடி டாக்டர். டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார். ஒரு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாலும் எத்தனை சிவப்பு என்று கேட்டார். நல்ல வேளை, இவர் வெட்கப்படாமல் உள்ளதைச் சொன்னார்.

"கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. "கண்ணுக்குப் பின்னால மூளைக்குப் போற நரம்புல அழற்சி. பல்பு நல்லா இருக்கு, வயர் வீங்கிப் போயிருக்கு, அவ்வளவுதான். மாத்திரை தர்றேன். பெரும்பாலும் பார்வை திரும்பி வந்துடும். கலர் மட்டும் கொஞ்சம் மங்கலாவே நின்னுடலாம். உடம்பு சூடானா மறுபடி புகை மாதிரி வரும், சூடு தணிஞ்சா போயிடும்."

நாங்கள் கும்பிடு போட்டு எழுந்தபோது அவர் என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். "இது சில பேருக்கு மறுபடி வரும். அடுத்த கண்ணுலயும் வரலாம். வலி ஆரம்பிச்ச அன்னைக்கே கூட்டிட்டு வந்துடணும். ஒரு வாரம், பத்து நாள்னு சொட்டு மருந்து போட்டுட்டு இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?" புரிந்தது என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மாத்திரை தின்று முகம் பூசணிக்காயாய் வீங்கியது. பசி பசி என்று பானையைக் காலி செய்தார். நான் மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிக்கொண்டு வாராவாரம் எலுமிச்சம்பழத்தோடு பூந்தமல்லி வழியாகப் பஸ் மாறிப் போய்வந்தேன். ஆறாம் வாரம் கண்மலர் சாத்தலாம் என்று கோயில் கடையில் ஒற்றைக் கண் கேட்டேன், வலது கண்தானே கெட்டது என்று. கடைக்காரன் சிரித்தான். "ஒத்தக் கண்ணு யாரும் சாத்த மாட்டாங்கம்மா, ஜோடியாத்தான் வரும்" என்றான். ஜோடியாகவே வாங்கிச் சாத்தினேன். அந்த வாரமே இவர் என் முகம் முழுசாகத் தெரிகிறது என்றார். மூக்குத்தி தெரிகிறது, மூக்குத்தியின் கல் தெரிகிறது. நான் அழுதேன். மாத்திரையா, அம்மனா என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்து, அம்மன் ஜெயித்தாள். மாத்திரையை டாக்டர் சொன்னபடி குறைத்துக் குறைத்து முடித்தார். அப்புறம் மறுபடி வந்து காட்டச் சொன்ன நாட்களில் நாங்கள் போகவில்லை.

ஆனால் சிவப்பு திரும்பவில்லை. அந்தக் கண்ணுக்குத் தக்காளி பழுக்கவே இல்லை. அதோடு கூரைக்குக் கீழே கூண்டில் சூடெல்லாம் மேலே ஏறி அடைத்துக்கொள்ளும். பதினோரு மணிக்கெல்லாம் வலது கண்ணில் புகை இறங்கிவிடும். வீட்டுக்கு வந்து தலையில் நாலு சொம்பு தண்ணீர் ஊற்றினால் விலகும். சிநேகிதரிடம் மட்டும் சொன்னார். அவர் மறுநாளிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டார். என் வீட்டு வேட்டியில் கிழித்தது. யாராவது கேட்டால், "செவப்பு சாயம் போவுது நைனா, கையெல்லாம் அரிக்குது" என்று டபாய்த்தார்.

அப்படியே ஓடியிருக்கும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை கிரேன் ஓட்டுகிறவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் கம்பெனி டிஸ்பென்சரியில் கண் பரிசோதனை உண்டு. சுவரில் ஒரு அட்டை. அதில் தமிழ் எழுத்துகள், மேலே பெரிசு, கீழே போகப் போகப் பொடிசு. முதலில் வலது கண், அப்புறம் இடது கண். கம்பவுண்டர் கேட்பார், இவர்கள் படிப்பார்கள். தேறாதவனைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறக்கினால் மணல் சலிக்கிற வேலை, இல்லாவிட்டால் வீடு. இவர் பன்னிரண்டு வருஷம் கீழிருந்து மேலே ஏறியவர். மணல் சலித்துத்தான் ஏறினார். திரும்பவும் மணலுக்குப் போவதைவிடச் செத்துப்போகலாம் என்றார், சும்மா வாய்க்குச் சொல்லவில்லை.

அந்த அட்டையைக் கம்பெனியில் பாதிப் பேர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். முதலில் உள்ளே போகிறவன் நினைவில் வைத்துக்கொண்டு வந்து சிகரெட் பெட்டியில் எழுதிக் கொடுத்துவிடுவான். அது கை மாறிக்கொண்டே இருக்கும். அட்டையும் வருஷக் கணக்காக மாறாத அட்டை. தூரப் பார்வை மங்கினவன், புரை விழுந்தவன், எல்லோரும் அந்தச் சிகரெட் பெட்டியால்தான் கூண்டிலும் லாரியிலும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. பரீட்சைக்குப் படிப்பது மாதிரிதான்.

சிகரெட் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவர் சிநேகிதர். "தங்கச்சி, மச்சானுக்கு நீதான் வாத்தியாரு. கம்பவுண்டர் கெட்டவன். திடீர்னு கடைசி வரிய பின்னாலேர்ந்து படிம்பான். ரெண்டு பக்கமும் உருப்போட வெச்சிடு" என்றார்.

வைத்தேன். ட. ப, ம. ய, ல, ந. க, வ, ர, த. ச, ட, ம, ப, ங. காலையில் அரிசி களைந்துகொண்டே கேட்பேன், "மூணாவது வரி?" அவர் பல் விளக்கிக்கொண்டே சொல்வார், "ய, ல, ந." "கடைசி வரி, பின்னாலேர்ந்து?" "ங, ப, ம, ட, ச." தப்பினால் கரண்டியால் முட்டியில் ஒரு தட்டு. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்தப் பத்து நாள் நாங்கள் சிரித்த மாதிரி சிரித்ததில்லை. எழுத்தைக் கடகடவென்று ஒப்பிக்காதே, கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இழுத்துச் சொல் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்கு எனக்குள் பெருமை வேறு.

தேறினார். ஆறுக்கு ஆறு, குறையே இல்லை என்று இரண்டு கண்ணுக்கும் ஃபைலில் எழுதினார்கள். அன்றைக்குச் சாயந்திரம் மூன்று பேரும் எங்கள் வீட்டில் கறிச்சோறு தின்றோம்.

அடுத்த வருஷமும் தேறினார். அதற்கடுத்த வருஷம், கத்திரி வெயில் ஆரம்பித்த வாரத்தில், ஒரு காலை செருப்பு மாட்டக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து இடது கண்ணைப் பிடித்துக்கொண்டார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டேன்.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல. தூசி."

"இங்க பாரு. மேல பாரு. இப்டி பாரு."

பார்த்தார். பார்க்கும்போதே முகம் சுளித்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும் காதில் விழுந்தது. "வா, இப்பவே போலாம்" என்றேன். "புரமோசன் லிஸ்ட்டு இந்த வாரம் போடறாங்கமே. சூப்பர்வைசர் எடத்துக்கு என் பேரும் கீதாம். லீவு போட்டா எதுக்குன்னு கேப்பான். ஞாயித்துக்கெழம போலாம்" என்றார். சூப்பர்வைசர் என்றால் கூண்டில் ஏற வேண்டாம், சூடு இல்லை, அட்டை இல்லை. சரி என்றேன். ஆமாம், சரி என்றவள் நான்தான். செவ்வாய்க்கிழமை அது.

வெள்ளிக்கிழமை கம்பெனியைப் பார்க்க வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். ஃபோர்மேன் காலையிலேயே ஒரு சுற்று சுற்றி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தவர், சிநேகிதர் கையைப் பிடித்து, "இது என்னாய்யா வெள்ளத் துணி? ரூலு செவப்பு. அவுத்து எறி" என்று புதுச் சிவப்புத் துணியைக் கொடுத்திருக்கிறார். சிநேகிதர் மேலே கூண்டைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார், பார்த்துக்கொள் மச்சான் என்பது போல. வலது கண்ணுக்குத்தான் சிவப்பு இல்லை, இடது கண் இருக்கிறதே என்று அவர் நினைத்தார். இடது கண் வலிப்பதை இவர் அவரிடம்கூடச் சொல்லவில்லை. இவரும் மேலிருந்து கையை அசைத்தார், தெரிகிறது என்று.

தெரியவில்லை. மூன்று நாளில் இடது கண்ணின் நடுவிலும் புகை விழுந்துவிட்டது. மேலே அடைத்த சூட்டில் வலது கண்ணும் மங்கிவிட்டது. சிவப்புக் கை புகையோடும் மணலோடும் கலந்து காணாமல் போயிற்று. இறக்கு என்று உள்ளங்கை அசைந்ததை எப்படியோ பார்த்திருக்கிறார். முஷ்டி மூடியதைப் பார்க்கவில்லை. சிநேகிதர் ஒரு கையால் பெட்டியைத் திருப்பிவிட்டுக்கொண்டே மறு கையால் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். நின்றுவிடும் என்று நம்பி நின்றிருக்கிறார். பெட்டி அவருடைய இடது பாதத்தின் மேல் இறங்கியது.

பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். கிரேன் ஓட்டியவருக்குக் கண் ஆறுக்கு ஆறு என்று ஃபைல் சொன்னது. அப்படியென்றால் கை காட்டியவன்தான் நேரத்துக்குக் காட்டவில்லை. தப்பு அவன் தப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவருக்குக் குற்றப் பத்திரிகை கொடுத்தார்கள். வேலை போகும், நஷ்ட ஈடும் வராது என்று பேசிக்கொண்டார்கள். இவர் வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"நான் போய் சொல்லிடறேன்மே" என்றார்.

"இன்னான்னு சொல்லுவ? மூணு வருசமா டபாய்ச்சேன்னா? ஜெயில்ல தூக்கிப் போடுவான். நீ வாயத் தொறந்தா ரெண்டு ஊடும் நடுத்தெருவுக்கு வரும். தொறக்கலன்னா ஒரு ஊடுதான்."

இதைச் சொன்னது நான். என் வீட்டுச் சோற்றை என் கையால் வாங்கித் தின்ற மனுஷனைப் பற்றி, என்னை வாய் நிறையத் தங்கச்சி என்றவரைப் பற்றி, கணக்குப் பார்க்கிற மாதிரி சொன்னேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போனேனோ தெரியாது. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மச்சானுக்குக் கண்ணு எப்டிகீது தங்கச்சி?" என்றார்.

"நல்லாகீதுண்ணே" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ கம்முனு இரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று வைத்திருந்த ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போகவில்லை. போனால் சீட்டில் எழுதுவார்கள். எழுதினால் விசாரணையில் கேட்பார்கள். புதன்கிழமை இவருக்கு மறுபடி ஒரு கண் பரிசோதனை, விசாரணைக்காக. அதை முடித்துவிட்டு வியாழக்கிழமை போய்விடலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். "எவ்ளோ தெரியுது?" என்று கேட்டால், "கொஞ்சம் பொகதான்" என்பார். நடமாடினார், தண்ணீர் மொண்டு குளித்தார், வாசல்படி தடுக்காமல் போனார். ஓரப் பார்வை இருந்ததால் நடந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. நானும் அதை நம்பத்தான் விரும்பினேன்.

அதற்கப்புறம் நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நடுவில் இருக்கிற அந்தப் புதன்கிழமையைச் சொல்ல எனக்கு மனசு இல்லை, அதனால்தான்.

வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். அதே டாக்டரம்மா இல்லை, வேறொருவர். வலி ஆரம்பித்து எத்தனை நாள் என்று கேட்டார். "ரெண்டு நாள்" என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. அப்புறம் அழுதுகொண்டே ஒன்பது நாள் என்றேன். முன்னாடியே வந்திருந்தால் பார்வை வந்திருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. வந்திருக்கலாம். இப்படியேகூட ஆகியிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இத்தனை வருஷமாக இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை திரும்பவில்லை. கம்பெனியில் இவரை வேலையை விட்டு நீக்கினார்கள், ஜெயில் இல்லை. சிநேகிதர் மேல் போட்ட குற்றத்தைத் தள்ளுபடி செய்து, வாசல் கேட்டில் உட்கார்ந்து காவல் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். நான் எஸ்டேட்டில் ஒரு திருகாணி கம்பெனியில் பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போனேன். இவர் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் என் தோளைப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் நான் இல்லாமல் போய்விடுவேன். தோளைப் பார்த்தால் ஓரத்தில் என் முகம் கொஞ்சம் தெரியும். முதலில் பார்க்கிறவர்கள் இவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று நினைப்பார்கள்.

இனி அந்தப் புதன்கிழமை.

காலையிலிருந்து ஒப்பிக்க வைத்தேன். ரயிலில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "நீயும் வா" என்று அவராகக் கூப்பிட்டார், அதுவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. டிஸ்பென்சரி வராந்தாவில் என்னை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியவில்லை. ஜன்னலோரம் போய் நின்றேன். உள்ளே கம்பெனி டாக்டர், கம்பவுண்டர், விசாரணை அதிகாரி. இவர் முக்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவர் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பழைய அட்டை இல்லை. புதிசாக வேறொன்று மாட்டியிருந்தார்கள். அதில் எழுத்தே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வைக்கிற அட்டை அது. மூன்று பல் சீப்பு மாதிரி ஒரே உருவம், ஒன்று மேலே பார்த்து, ஒன்று கீழே பார்த்து, ஒன்று பக்கவாட்டில். அட்டை முழுக்க வெறும் சீப்பு. முகத்துக்கு நேரே, அத்தனை பெரிதாக.

அட்டை மாறிவிட்டது என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவருக்கே தெரியுமே, பார்த்தவுடன் சுதாரித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இதென்ன சார் புதுசா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"வலது கண்ணு" என்றார் டாக்டர். "சுவர்ல இருக்கிறத மேலேருந்து சொல்லு."

இவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கொஞ்சம் யோசித்து, இழுத்துச் சொன்னார்.

"ட."

விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"ப... ம. ய, ல... ந. க, வ, ர, த."

விசாரணை அதிகாரி சுவரைப் பார்த்தார். கம்பவுண்டர் தரையைப் பார்த்தார். டாக்டர் மெல்லிய குரலில், "இடது கண்ணு" என்றார். கையை மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். இடது கண்ணால் அவருக்குத் தெரிகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த இடது கண்ணால். நான் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கடைசி வரி, பின்னாலேருந்து" என்றார் டாக்டர்.

"ங, ப, ம, ட, ச."

"சரி. வெளியே உட்காரு."

திட்டவில்லை, அதட்டவில்லை. இவர் எழுந்து, கதவு நிலையை விரலால் ஒருமுறை தொட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். எத்தனையோ நாளுக்கப்புறம் அந்த முகத்தில் ஒரு தெளிச்சி. பெட்டி விழுந்த நாளிலிருந்து நான் பார்க்காத தெளிச்சி.

என் கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல், "ஒரு எழுத்து வுட்டேனாமே?" என்றார்.

"இல்ல மாமா" என்றேன். "எல்லாம் சரியா சொன்ன."